சாயாத வண்டி

மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து ஒரு பந்தயக் கார் கட்டப்போகிறோம் என்று நாங்கள் சொன்னபோது கல்லூரியில் யாரும் தடுக்கவில்லை. இவர்களால் முடியாது என்று நினைத்ததால்தான் தடுக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். கூட்டாளி ராஜபாளையத்துக்காரன். அவனுக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்களைப் போலவே தமிழ். அவனுடைய மாமாவின் பஞ்சு கோடவுன் ஒன்று சும்மா கிடந்தது. அதில்தான் வேலை. மில்லில் கழித்துப்போட்ட பைப்புகளைப் பொறுக்கி வந்து வண்டிக்குச் சட்டம் பற்றவைத்தோம். சக்கரங்களை ஸ்கூட்டரிலிருந்து எடுத்தோம். கோயம்புத்தூரில் மாணவர்கள் செய்த கார்களுக்குப் போட்டி நடக்கப்போவதாக நோட்டீஸ் வந்திருந்தது. எல்லாம் சேர்ந்த பிறகும் எங்களிடம் எஞ்சின் மட்டும் இல்லை.

அது செட்டியார்பட்டியிலிருந்து வந்தது. அங்கே ஒரு அக்கா வீட்டிலிருந்தபடியே நைட்டி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டாளியின் அண்ணன் தன் துணிக்கடைக்கு அவரிடம்தான் சரக்கு எடுப்பார். அக்காவின் கணவர் மில்லில் பிட்டராக இருந்து, மஞ்சள் காமாலையில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருடைய மோட்டார் சைக்கிள் பின்கட்டில் சாக்குப் போட்டு மூடிக் கிடப்பதாக அண்ணன் சொன்னார். நாங்கள் இருவரும் போய்க் கேட்டோம்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நூலைப் பல்லால் அறுத்துவிட்டுச் சொன்னார்:

"விலைக்கெல்லாம் தரமாட்டேன் தம்பி. எஞ்சினை மட்டும் கழத்திட்டுப் போங்க. போட்டி முடிஞ்சதும் பழையபடி கொண்டாந்து மாட்டிக் குடுத்திரணும். கெடந்து துருப்பிடிக்கதுக்கு, ஓடட்டும்."

கொண்டுவந்து மாட்டித் தருகிறோம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

கார் முதன்முதலில் நகர்ந்த நாளில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரி மைதானத்தின் நீளவாக்கில் நேராகப் போய்த் திரும்பி வந்தது. பத்துத் தடவை போனாலும் ஒரு குறையும் இல்லை. போட்டியில் நேராக ஓட்டுவது போதாது, வளைவுகள் உண்டு. ஆகவே மறுவாரம் மைதானத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். கூட்டாளிதான் டிரைவர். நான் கையில் கடிகாரத்தோடு ஓரத்தில் நின்றேன். ஆசிரியர் ஒருவரும், வகுப்புப் பையன்கள் இருபது பேரும் வேடிக்கை பார்த்தார்கள்.

இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தான். கால்மணி நேரம் போயிருக்கும். எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. நான் கையைக் காட்டுவதற்குள் சத்தம் நின்று, பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, கார் மண்ணைக் கிளப்பியபடி அரைவட்டம் போட்டு நின்றது. கிக்கரை மிதித்தால் அசையவில்லை.

அங்கேயே பிரித்தோம். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிப்பகுதி நீலம் பாரித்து, பேரிங் உருளைகள் நொறுங்கிக் கிடந்தன. எண்ணெய் கிடைக்காமல் வெந்துபோன இரும்பின் நிறம் அது. ஆனால் எண்ணெயை வடித்து அளந்தபோது, காலையில் ஊற்றியது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பம்பும் நன்றாக வேலை செய்தது. ஆசிரியர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஓவரா முறுக்கியிருப்பான்" என்று சொல்லிப் போய்விட்டார்.

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் கூட்டாளியைப் பார்த்துக் கத்தினேன்.

"நீதான்டா முறுக்கிக் கொன்னுட்ட! அந்த அக்கா மூஞ்சில எப்படிடா முழிப்பேன்?"

"ஒரேய், நான் அளவாத்தான்டா ஓட்டினேன். சத்தியமா" என்றான்.

"அப்ப எஞ்சின் தானா செத்துச்சா?"

அவன் கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போனான். அதன்பிறகு கோடவுனுக்கு அவன் வரவில்லை. வகுப்பிலும் கடைசி பெஞ்சுக்கு மாறிக்கொண்டான்.

நான்கு நாள் கழித்து, நான் மட்டும் செட்டியார்பட்டிக்குப் போனேன். பட்டறையில் பிரித்தெடுத்த, வெந்த ராடைத் தினத்தாளில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன். வாசலில் நின்றதும் எல்லாம் மறந்துபோனது. "அக்கா, எஞ்சின் போச்சு" என்று மட்டும் சொன்னேன்.

அவர் மெஷினை நிறுத்தினார். தாளைப் பிரித்து ராடைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன்.

"யாருக்கும் அடிபடலையே?"

"இல்லக்கா."

"எண்ணெய் ஊத்துனீகளா?"

"ஊத்துனோம்க்கா. இப்பவும் அம்புட்டும் உள்ளேயே இருக்கு. அதான் புரியல."

"இது மலையிலெல்லாம் ஏறி எறங்குன எஞ்சின் தம்பி. அய்யனார் கோயில் பாதையில என்னையப் பின்னால ஒக்காரவச்சு அவிய வளைச்சு வளைச்சு ஓட்டுவாக. வளைவுக்கு வளைவு வண்டிய அப்படியே சாய்ப்பாக. எனக்கு உசுரே போயிரும். 'சாயாம ஓட்டுங்களேன்'னு கத்துவேன். சிரிப்பாக. 'சாயலன்னா தூக்கி வெளிய எறிஞ்சிரும்ட்டி'ம்பாக." சொல்லிவிட்டு ராடை மடியில் வைத்துக்கொண்டார். "அப்பல்லாம் ஒண்ணும் ஆகல. இப்ப எப்படி?"

அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, மறுபடி சொன்னார்.

மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்கிறது. சாய்வதால் எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெய் எஞ்சினின் அடியிலேயே நிற்கிறது. பம்ப் அதை உறிஞ்சிக்கொள்கிறது. எங்கள் காருக்கு நான்கு சக்கரம். அது சாயாது. பஸ் திரும்பும்போது சீட்டில் இருப்பவர்கள் ஒரு பக்கமாக ஒதுங்குவதுபோல, எண்ணெய் மொத்தமும் வெளிப்பக்கச் சுவரில் ஏறிக்கொள்கிறது. பம்பின் வாயில் காற்றுதான் மிச்சம். நாங்களோ கால்மணி நேரம் ஒரே பக்கமாகச் சுற்றியிருக்கிறோம். எண்ணெய் உள்ளேயே இருக்க, பேரிங் காய்ந்து செத்திருக்கிறது. மெதுவாக ஓட்டியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருக்கும், அவ்வளவுதான். கூட்டாளியின் மேல் தப்பில்லை.

"அக்கா, நான் போயிட்டு வாரேன்" என்று எழுந்தேன். காபி போடுகிறேன் என்றதற்கும் நிற்கவில்லை. "ஏலே தம்பி, இரும்ப விட்டுட்டுப் போற" என்று பின்னால் கூப்பிட்டு ராடைத் தந்தார்.

ராஜபாளையத்தில் கூட்டாளி வீட்டுக்குப் போனபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா எதுவும் கேட்காமல் எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். சாப்பிட எனக்குக் கை வரவில்லை.

"தப்பு ஒன்னோடது இல்லடா. நான் பேசினதுதான் தப்பு. எல்லார் முன்னாலயும் பேசிட்டேன்."

அவன் தலை தூக்கவில்லை. "ஏன் செத்துச்சு?" என்றுதான் கேட்டான். சொன்னேன். கேட்கக் கேட்கப் பிசைந்த சோறு அவன் கையிலேயே நின்றது. முடித்ததும், "சோறு ஆறுது, தின்னு. போய்ப் பாப்போம்" என்றான். அதற்குமேல் அந்தச் சண்டையைப் பற்றி அவன் என்னிடம் இன்றுவரை பேசியதில்லை. மறுநாள் வகுப்பில், எல்லோரும் இருக்கும்போது, முறுக்கினதால் போகவில்லை என்று நான் எழுந்து நின்று சொன்னேன். அந்த அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்தது.

காலியான எஞ்சின் கூட்டில் எண்ணெய் ஊற்றி, கோடவுன் வாசலில் வெளிச்சத்தில் வைத்து ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தோம். ஒரு கட்டத்தில் பம்பின் வாயில் உள்ள சல்லடை எண்ணெயை விட்டு வெளியே வந்து பளபளத்தது. கூட்டாளி ஒரு தகரத்தை வெட்டி, ஓட்டைகள் போட்டு, சல்லடையைச் சுற்றித் தடுப்புபோல் வளைத்தான். எண்ணெய் உள்ளே வரும், ஒரேயடியாக ஓடிவிடாது. மதுரையிலிருந்து புது ராடும் பேரிங்கும் வாங்கிவந்தோம். மில்களுக்கு வேலை செய்யும் லேத் பட்டறையில் அதைக் கிராங்கோடு அழுத்திக் கோத்துத் தந்தார்கள். கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படியான வேலை.

கோயம்புத்தூரில் நாங்கள் கடைசிக்கு முந்தின இடம். ஆனால் கடைசிச் சுற்றுவரை ஓடினோம். வேறொரு கல்லூரியின் கார் எங்கள் கண்ணெதிரே அதே சுத்தியல் சத்தத்தோடு நின்றது. கூட்டாளி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய், டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தவர்களிடம், "அவர ஒண்ணும் சொல்லாதீக" என்று ஆரம்பித்து எண்ணெய்க் கதையைச் சொன்னான். நான் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சொன்னபடியே எஞ்சினைக் கொண்டுபோய் அக்காவின் வண்டியில் மாட்டிக் கொடுத்தோம். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. அக்கா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "எனக்கு ஓட்டச் சொல்லித்தாரீகளா?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். கூட்டாளி அப்படி நினைக்கவில்லை. நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள், தான் போகும் சர்ச் முடிந்ததும் போய்ச் சொல்லிக்கொடுத்தான். ஓட்டுவதற்கென்று அவரே ஒரு சுடிதார் தைத்துப் போட்டுக்கொண்டார்.

படிப்பு முடிந்து எனக்கு எஞ்சின் சோதிக்கும் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள் ராஜபாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அக்கா என் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். பின்னால் கூட்டாளியின் அண்ணன் கடைக்குக் கொண்டுபோகும் நைட்டிக் கட்டு.

"வேலைக்கு எடுக்கும்போது என்ன கேட்டாக தம்பி?"

"நம்ம எஞ்சின் ஏன் போச்சுன்னு கேட்டாகக்கா. சொன்னேன்."

"யார் கண்டுபிடிச்சதுன்னு கேட்டாகளா?"

"கேட்டாக. நீங்க சொல்லித்தான் தெரிஞ்சதுன்னு சொன்னேன்."

அவர் சிரித்த சிரிப்பில் முகமே மாறிவிட்டது. கட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

நான் சொன்னது பொய். கல்லூரிக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையிலும் சரி, அந்த நேர்முகத்திலும் சரி, ஆய்வில் தெரியவந்தது என்றுதான் சொல்லியிருந்தேன். இத்தனை வருடமும் அந்த எஞ்சினைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கேட்பவர்கள் என்னைத்தான் பாராட்டியிருக்கிறார்கள். கண்டுபிடித்தது நானல்ல. கணவரோடு வண்டியில் போன நாட்களை எனக்காக ஒருமுறைக்கு இருமுறை சொன்ன ஒரு பெண். அன்று அவரிடம் சொன்ன பொய்யை இன்று இந்தப் பக்கத்தில் உண்மையாக்கிவிட்டேன்.