பச்சைக் கதவில் ஒட்டிய சம்மன்

எழுபதுகளில் திருத்தணியில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். மாதத்துக்கு ஒரு முறையாவது ஒரே வாக்கியத்தை அடிக்க வேண்டிவரும்: ‘பிரதிவாதிக்குச் சம்மன் முறையாகச் சார்வு செய்யப்படவில்லை.’ அதாவது, வழக்கு நடப்பதே அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று. கோர்ட்டுக்கு வராமல் இருந்துவிட்டு, தீர்ப்பு எதிராகப் போனதும் எல்லோரும் சொல்கிற சாக்கு அது என்றே நினைத்திருந்தேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து அந்த அம்மாள் வந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன்.

நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, வீட்டிலேயே தறி ஓட்டிப் பிழைப்பவர். முந்தின நாள் கோர்ட்டு அமீனா வந்து, அவர் வீட்டை ஒட்டிய சந்து பக்கத்து வீட்டுக்காரருக்கே சொந்தம் என்று தீர்ப்பாகிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். சந்துப் பக்கத்து வாசலை அடைத்துக்கொள்ளப் பத்து நாள் தவணை. பாவு நூலும் நெய்த துணியும் போய்வருவதே அந்த வாசல் வழியாகத்தான்.

“கேஸு போட்டதே எனக்குத் தெரியாதுங்க. என்னைக் கேக்காமயே எப்டிங்க தீர்ப்பு சொன்னாங்க?” என்று வக்கீலைக் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வக்கீலோடு போய்க் கோர்ட்டுக் கட்டைப் புரட்டிப் பார்த்தேன். சம்மன் கொண்டுபோன சேவகரின் அறிக்கை அதில் இருந்தது. வீடு பூட்டியிருந்ததாம், ஆள் இல்லையாம், பச்சைக் கதவில் நகலை ஒட்டிவிட்டு வந்தாராம். தேதி, சாட்சிக் கையெழுத்து எல்லாம் சுத்தமாக இருந்தன.

திரும்பி வந்து அதை அந்த அம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். கோபப்படவில்லை. தேதியை மறுபடி சொல்லச் சொல்லி விரல்விட்டு எண்ணினார்.

“அப்போ எங்க ஊட்டுக்குக் கதவே இல்லியேம்மா.”

அந்த ஆடியில்தான் விசைத்தறியை உள்ளே கொண்டுபோக முன்சுவரை இடித்து, கதவையும் நிலையையும் கழற்றியிருக்கிறார்கள். ஐப்பசி வரை வாசலில் சாக்குப் படுதாதான் தொங்கியதாம். அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்த வக்கீல் நிமிர்ந்தார்.

எனக்கோ வேறு யோசனை. அந்தக் காகிதம் எந்தக் கதவில்தான் ஒட்டப்பட்டது? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அந்த அம்மாள் வீட்டுப் புதுக் கதவு வர்ணமே பூசாத வேம்பு. நாலு வீடு தள்ளி, பூட்டிக் கிடந்த நூல் கிடங்கின் கதவு பச்சை. யாருடையது என்று எதிர்வீட்டில் விசாரித்தேன். வழக்குப் போட்ட அந்தப் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றார்கள். கதவில் பசைத் தடம் எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் வெயிலில் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிரதிவாதி வராமலே சொன்ன தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு, விஷயம் தெரிந்த முப்பது நாளுக்குள் மனுப் போட வேண்டும். அந்த வாரமே போட்டோம். விசாரணையில் சேவகர் கூண்டேறினார். வீட்டை யார் காட்டியது என்று வக்கீல் கேட்டார்.

“கேஸு போட்டவரே கூட வந்து காட்னாருங்க. எனக்கு அந்த ஊர்ல யாரைத் தெரியும்?” என்றார் அவர், ஒளிக்காமல்.

சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் வாதியிடம் வேலை செய்பவர் என்று தெரியவந்தது. கதவைக் கழற்றிய தச்சர் வந்து நடந்ததைச் சொன்னார். முன்சீப் பழைய தீர்ப்பை ரத்து செய்தார்.

வராந்தாவில் அந்த அம்மாள், ஜெயித்துவிட்டோமா என்று கேட்டார். இல்லை, வழக்கு இனிமேல்தான் முதலிலிருந்து நடக்கும் என்றார் வக்கீல். அந்த அம்மாளின் முகம் வாடியது. “இந்த வாட்டி நான் சொல்றதைக் கேப்பாங்களா?” என்றார். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றார் வக்கீல்.

அதற்கு ஒன்றரை வருஷம் ஆனது. அந்த அம்மாள் கூண்டில் நின்று ஒரு மணி நேரம் பேசினார். வக்கீல் கையமர்த்தியும் நிறுத்தவில்லை; முன்சீப்பும் தடுக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். பழைய பத்திரத்தில் சந்து பொது என்றே இருந்ததால், இரண்டு வீட்டாரும் புழங்கலாம் என்று தீர்ப்பானது. முழுச் சந்தும் தனக்கே வரும் என்று எதிர்பார்த்திருந்த அந்த அம்மாளுக்கு அதில் கொஞ்சம் குறைதான்.