காளை முட்டிய ஜன்னல்

தொழுவத்து ஜன்னல் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்த காளை, எதிரிக் காளை என்று முட்டிக் கழுத்தைக் கிழித்துக்கொண்டது. அந்த ரத்தத்தைப் பார்த்ததும்தான் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் மாட்டும் யோசனை எனக்கு வந்தது. எருது விடும் விழாவுக்காக அதை வளர்த்தவர் பக்கத்துக் கொல்லைக்காரர். முறுக்கு மீசை, எதையும் அடித்துப் பார்க்காமல் வாங்கமாட்டார். நான் ஆம்பூரிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் தகட்டையும் கடப்பாரையால் ஓங்கி அடித்தார். உடையவில்லை.

"பரவால்லியே தம்பி, மாட்டு!"

அன்று மாலையே தகட்டிலும் தன் உருவத்தைப் பார்த்துக் காளை மறுபடி முட்டியது. தகடு உடையாமல் சட்டத்தோடு பெயர்ந்து கொம்பில் சிக்கிக்கொள்ள, மிரண்ட காளை அவரைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது.

"ரெண்டு போடுங்கண்ணா!" என்று தடியை நீட்டினேன்.

விலாவைப் பிடித்தபடி முறைத்தார். "அத்த இன்னாத்துக்கு அடிக்கணும்? ஜன்னல் மாட்டுனது நீ. கிட்ட வா."

எல்லாவற்றையும் அடிக்கும் அந்தக் கை காளையை மட்டும் ஏன் தொடவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அன்று தூர நின்றபடியே சொன்னேன்: "நாளைக்குத் தகட்டுல சுண்ணாம்பு அடிச்சுப் பாக்கலாம்ணா. உருவம் தெரியாது."