இடி இடித்ததும் வெளியே ஓடிய பத்துப் பேர்

2025 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, சித்திரை ஏழு. நாலரை மணிக்கு எழுந்தேன். வாசல் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றினேன். முகம் மழித்தேன். கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன், மின்விசிறியை அணைத்தேன், பிறகு இன்னொரு தடவை சிலிண்டரைப் பார்த்தேன். பட்டாசு ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் போர்மேனாக இருப்பவன் வீட்டில் இதெல்லாம் நடக்கத்தான் செய்யும். எலுமிச்சை சாதத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த என் மனைவி, "மூணாவது வாட்டியும் பாத்துருங்க. வேன்காரரு அதுவரைக்கும் நிக்கட்டும்" என்றாள்.

மற்ற ஞாயிறாக இருந்தால் அடுத்தது கறிக்கடை, எண்ணெய்க் குளியல், மதியத் தூக்கம். அன்று செண்பகத்தோப்புப் பக்கம் மலையேறப் போனோம்.

தாயில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஆலைக்குத் தினமும் வேனில் போகிறவர்களுக்கு மேற்கே மலை தெரியும். வெயில் ஏறுவதற்கு முன்பு நீலமாக ஒரு கோடு. பிறகு அதுவும் இராது. இத்தனை வருடமாக ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. வனத்துறை ஆட்களே வழிகாட்டியோடு கூட்டிப் போகிறார்கள் என்பதைச் செல்போனில் பார்த்துச் சொன்னது எங்கள் திரிப் பிரிவில் வேலை செய்யும் ஓர் அம்மா. ஆலையில் அவரைத் திரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். திரி பற்ற எடுத்துக்கொள்ளும் நேரம்கூட அவர் வாய்க்குத் தேவையில்லை. "நம்ம செய்யுற ராக்கெட்டெல்லாம் மேல போயிட்டு வருது. நம்ம எப்பத்தேன் மேல போறது?" என்று ஒரு மாதம் என் காதைத் தின்றார். காட்டுத்தீ பயத்தால் மூடி வைத்திருந்த பாதையை அந்த வாரம்தான் திறந்திருந்தார்கள். ஆலைக்காரர்கள் எட்டுப் பேர், நான், என் மனைவி. மொத்தம் பத்து.

அடிவாரத்தில் வனத்துறையின் இரும்புக் கதவுக்கு முன்னால் எங்கள் வழிகாட்டி நின்றுகொண்டிருந்தார். மலையடிக் குடியிருப்பைச் சேர்ந்த பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கால்சட்டைக்கு மேல் சேலை, அதற்கு மேல் காக்கிச் சட்டை, தோளில் கயிற்றுச் சுருள். "எல்லாருக்கும் வணக்கம். காட்டுக்குள்ள தீப்பெட்டி..." என்று ஆரம்பித்தார்.

அவர் முடிப்பதற்குள் எங்கள் ஆட்கள் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் விரித்துவிட்டார்கள். ஆலை வாசலில் தினமும் நடக்கும் சோதனை அது. தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஆண்கள் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார்கள், பெண்கள் செல்போனை நீட்டினார்கள். லோடு ஏற்றும் தம்பி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். திரியக்கா இரும்புக் கதவில் உள்ளங்கையை நன்றாக அழுத்தி எடுத்தார். வெடிமருந்து அறைக்குள் போகுமுன் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்திருக்கும் தகட்டைத் தொடுகிற பழக்கம்.

வழிகாட்டி எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியே! தம்பி, செருப்பப் போடுங்க. உள்ள பூரா முள்ளு. போன எதுக்குங்க நீட்டுறீக? அணிலு வந்தா படம் எடுக்க வேண்டாமா?"

அவருக்குப் பின்னால் குடையோடு ஒரு வனக்காவலர் நின்றார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். நல்ல வெயிலில் அவர் குடையைப் பார்த்து, "சார், எங்களுக்கும் மழைக்கு ஏதாச்சும் குடுப்பீகளா?" என்று திரியக்கா கேட்டதற்குக்கூட அவர் சிரிக்கவில்லை. எங்களிடம் ஒன்று மட்டும் சொன்னார். "அந்தம்மா சொல்றதக் கேளுங்க. ஒருத்தரும் கூட்டத்த விட்டுப் பிரியக் கூடாது. நான் பின்னால வருவேன்."

அவர் ஏன் பின்னால் வருகிறார் என்பதை முதல் ஏற்றத்திலேயே வழிகாட்டி என் மனைவியிடம் சொல்லிவிட்டார். இந்தப் பெண் இரண்டு சீசனாக வேறு வழிகாட்டிகளுக்குப் பின்னால் தண்ணீர்க் கேனும் முதலுதவிப் பையும் தூக்கிக்கொண்டு நடந்தவர். முன்னால் நின்று கூட்டிப் போவது இதுதான் முதல் தடவை. "ஐயா பாத்துட்டு சரின்னு சொல்லிட்டாகன்னா இனி வாராவாரம் நாந்தேன் முன்னால. இல்லாட்டி பழையபடி கேனு. ரெண்டு புள்ளைக படிக்குதுக்கா. கேனுக்குக் குடுக்குற கூலி பஸ்ஸுக்குக் கூடக் காணாது."

"கவலைப்படாதீக. எங்க ஆளுக சொன்ன பேச்சு தட்ட மாட்டாக" என்றாள் என் மனைவி. நானும் அதை ஆமோதித்தேன். கட்டுப்பாட்டில் எங்களை மிஞ்சிய கூட்டம் எதுவும் அந்தப் பாதையில் ஏறியிருக்காது என்பது என் எண்ணம்.

காலைப் பொழுது இனிமையாகப் போனது. புளிய மரத்தின் துளிர் இலைகள் வெயிலில் கண்ணாடித் தாள் போல இருந்தன. எங்கள் ஊரில் ஏப்ரல் என்றால் கானல்தான். இங்கே மாமரத்தடியில் நின்றால் முதுகு குளிர்ந்தது. சாம்பல் நிற அணில் ஒன்று, வாலையும் சேர்த்தால் ஒரு கை நீளத்துக்கு மேல், எங்கள் தலைக்கு மேலே கிளைவிட்டுக் கிளை தாவியது.

"ஏலே, அங்கன பாரு, அங்கன! எம்புட்டுப் பெருசு! இது அணிலா, அணிலுக்கு மாமனாரா?" என்றார் திரியக்கா.

"சத்தம் போடாதீக அக்கா, ஓடிரும்" என்றார் வழிகாட்டி.

"ஓடட்டும். மாப்பிள்ளையக் கூட்டிட்டு வரும்."

வழிகாட்டிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குள் அணில் போய்விட்டது. ஒருவருடைய போனிலும் வால்கூட விழவில்லை. பின்னால் வந்த காவலர் அதையும் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

வழியில் ஓர் ஓடையைத் தாண்டினோம். கணுக்கால் அளவுதான் தண்ணீர். மேலே சின்ன அருவியில் குளித்தோம். எலுமிச்சை சாதம், துவையல், சாத்தூர்க் காராச்சேவு. காவலருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தோம். சற்றுத் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இறங்கத் தொடங்கியபோது மேற்கே கறுத்துவிட்டது. கோடை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. பாதையோரம் வனக்காவலர்கள் தங்குவதற்கென்று ஒற்றை அறையில் ஒரு சிமெண்ட் கட்டடம் இருந்தது. காற்று வீசியதும் வழிகாட்டி எங்களை ஓட வைத்து அதற்குள் சேர்த்தார். காவலர் இன்னும் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். நான் முதலில் பார்த்தது எதிர்ச்சுவரை. அதில் கதவு இல்லை. ஆலையில் எந்த அறைக்கும் எதிரெதிராகக் கதவு இருக்கும். ஒரே கதவுள்ள அறை எனக்கு அறையாகவே படாது. உட்காருவதற்காக வழிகாட்டி ஒரு பெஞ்சை இழுத்தார். அது தரையில் கிறீச்சிட்டதும் ஐந்தாறு பேர் ஒரே குரலில், "இழுக்காதீக! தூக்குங்க!" என்று கத்தினோம். மருந்து சிந்தியிருக்கும் தரையில் எதையும் உரசக் கூடாது. இந்த அறையின் தரையில் எறும்பு தவிர வேறு எதுவும் இல்லை.

அப்போது இடி இடித்தது.

ஆலையில் இடி மின்னல் என்றால் விதி ஒன்றுதான்: கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அறையைவிட்டு வெளியேற வேண்டும். சுற்றிலும் மருந்து இருக்கும் அறையில் மின்னலோடு உட்கார்ந்திருக்க முடியாது. "வெளிய வாங்க!" என்று யாரோ உரக்கக் கத்தியது கேட்டது. கத்தியது நான்தான். நான் கத்தியிருக்கவே தேவையில்லை. எட்டுப் பேரும் அதற்குள் கதவைத் தாண்டியிருந்தார்கள். என் மனைவி ஒரு நாள்கூட ஆலையில் வேலை பார்த்ததில்லை, அவளும் ஓடினாள். என்னோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியதே போதுமான பயிற்சி போலிருக்கிறது. போர்மேன் கடைசியாகத்தான் வெளியேற வேண்டும். நான் அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கடைசியாக வெளியேறினேன். மழையில் நின்று தலைகளை எண்ணினேன். பத்தும் சரியாக இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

கட்டடத்துக்குள் வழிகாட்டி மட்டும் நின்றுகொண்டிருந்தார். பெஞ்சின் ஒரு முனை இன்னும் அவர் கையில் இருந்தது.

"ஐயோ, எங்க போறீக? உள்ள வாங்க! மரத்தடியில நிக்காதீக, மின்னல் விழும்!"

ஒருவரும் அசையவில்லை. அவர் சொல்வது எல்லோருக்கும் புரிந்தது. கால்களுக்குத்தான் புரியவில்லை. சரியாக அந்த நேரத்தில் வளைவைத் திரும்பி வந்தார் காவலர், குடைக்குக் கீழே. பத்துப் பேர் கொட்டும் மழையில் வரிசையாக நிற்க, வழிகாட்டி மட்டும் நனையாமல் உள்ளே நிற்பதை அவர் பார்த்தார். வழிகாட்டியின் முகம் தொங்கிப்போனது.

"என்னம்மா இது?" என்றார் காவலர்.

நான்தான் முன்னால் போனேன். "சார், அவுக மேல தப்பில்ல. இடிச்சா வெளிய வரணும்னு எங்களுக்கு..."

"மின்னல் அதெல்லாம் விசாரிச்சுட்டா விழும்? மொதல்ல உள்ள போகச் சொல்லுங்க."

"உள்ள போங்க" என்றேன். போனார்கள். லோடுமேன் தம்பி, கலவை அறை ஆள் ஒருவர், இரண்டு பெண்கள். ஐந்தாவதாகப் போக வேண்டிய திரியக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இப்ப என்னக்கா?" வழிகாட்டி பெஞ்சைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்.

"ரூமுக்கு நாலு பேரு ஆச்சுல்ல தாயி."

எங்கள் ஆலையில் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. அதை அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி ஊறவைத்தவன் நான்தான். ஐந்தாவது ஆள் தண்ணீர் கொடுக்க எட்டிப் பார்த்தால்கூடச் சத்தம் போட்டிருக்கிறேன். அடுத்த இடி இன்னும் பக்கத்தில் விழுந்தது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். "எல்லாரும் உள்ள போங்க. எத்தன பேரு வேணும்னாலும் போங்க" என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது, அந்த மழையிலும். திரியக்கா உள்ளே போகும்போது, "இத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க போர்மேன். நாளைக்கு மாத்திப் பேசுவீக" என்றார்.

உள்ளே பதினோரு பேர் ஒட்டிக்கொண்டு நின்றோம். வழிகாட்டி மூலையில் ஒதுங்கி நின்றார். என் மனைவி தன் துண்டை அவர் தோளில் போட்டாள். "நம்ம சொன்னபடி நடந்துக்கிட்டோமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன். காவலர் வாசலில் குடையை மடித்துக்கொண்டு நின்றார். அந்தம்மாவுக்கு மறுபடி கேன்தான் என்று எனக்குப் பட்டது.

மழை விட்ட பிறகு இறங்கினோம். காலையில் கணுக்கால் அளவில் தாண்டிய ஓடை இப்போது முழங்காலுக்கு மேல், தேநீர் நிறத்தில் ஓடியது. வழிகாட்டி எங்களை நிறுத்தினார். ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் வடிகிறதா என்று பார்த்துக்கொண்டே வெகுநேரம் காத்திருக்க வைத்தார். வடிந்ததும், தான் முதலில் இறங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு மரங்களுக்கிடையே கயிற்றைக் கட்டினார். காவலர் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார், உதவிக்கு வரவில்லை.

ஆனால் எங்கள் கூட்டம் அதற்குள் குலைந்துவிட்டது. ஈரத் துணி, பசி, வேன் போய்விடுமோ என்ற பயம். "எனக்கு நீச்சல் தெரியும், நான் போறேன்" என்றான் லோடுமேன் தம்பி. "லே, கயித்தப் பிடிடா" என்றது ஒரு குரல். மூன்று பேர் ஒன்றாகக் கயிற்றைப் பிடித்தார்கள், பின்னால் இன்னும் மூன்று பேர். ஓடைச் சத்தத்தில் வழிகாட்டி சொன்னது எடுபடவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டு ஒரு பாறை மேல் ஏறி நின்றார்.

"இந்தக் கயிறு ஒரு ரூமு!" என்று கத்தினார். "ரூமுக்கு நாலு பேருதேன்!"

கயிற்றில் இருந்தவர்கள் தாமாகவே கரைக்குத் திரும்பினார்கள். நாலு பேர் முன்னால் வந்தார்கள், மற்றவர்கள் வரிசையாகப் பின்னால் நின்றார்கள். வழிகாட்டி முதல் நாலு பேரைக் கரை சேர்த்துவிட்டு வந்து, அடுத்த நாலு பேரைக் கூட்டிப் போனார். கடைசியாக நானும் என் மனைவியும். நடு ஓடையில், "அண்ணாச்சி, இந்த ரூமுல ஆளு கம்மி, பரவாயில்லையா?" என்றார். தண்ணீர் முழங்காலில் மோதும்போது சிரிப்பது கஷ்டம். என் மனைவி சிரித்துத் தடுமாறி என் சட்டையைக் கிழித்தாள்.

ஓடை தாண்டியதும் எங்களை முந்திப் போயிருந்த காவலர் அடிவாரக் கதவருகே எங்களுக்காகக் காத்திருந்தார். எல்லோரும் நின்றுவிட்டோம்.

"பத்துப் பேரும் மழையில வெளிய நின்னது எனக்குப் பிடிக்கல" என்றார் வழிகாட்டியிடம். அவர் தலைகுனிந்தார். "இடி வந்தா என்ன செய்யணும்னு ஏறும்போதே சொல்லியிருக்கணும். நீ சொல்லல."

"சொல்லலைங்கய்யா."

"ஓடையில உன் பேச்சு எடுபட்டுச்சு. நான் சொல்லியிருந்தா எடுபட்டிருக்காது." குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அடுத்த ஞாயிறு வாத்தியார்மாரு வாராக. நான் வரல. நீயே கூட்டிட்டுப் போ."

திரியக்கா எழுப்பிய சத்தத்தில் மரத்திலிருந்த கொக்குகள் பறந்தன. மிச்சமிருந்த காராச்சேவுப் பொட்டலத்தை வழிகாட்டியின் கையில் திணித்தார். வழிகாட்டி அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. போன் நம்பரை என் மனைவியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் கொடுத்தது என் நம்பரை.

மறுநாள் காலை முதல் வேலையாக நான் செய்தது போனை எடுத்தது. நாலரை ஆகியிருந்தது.

"அண்ணாச்சி, எந்திரிச்சிட்டீகளா? ராத்திரி பூரா தூக்கமே வரல. ஒண்ணு கேக்கணும். இந்த வாத்தியார்மாருக்கு இடி இடிச்சா என்ன வழக்கம்? உள்ள ஓடுவாகளா, வெளிய ஓடுவாகளா?"

பாயில் உட்கார்ந்து யோசித்தேன்.

"பெல் அடிச்சா வெளிய ஓடுவாகம்மா, அது தெரியும். இடிக்கு எப்படின்னு ஏறுறதுக்கு முன்னாடியே அவுககிட்டயே கேட்டுக்கோ."

"சரி அண்ணாச்சி" என்று வைத்துவிட்டார். நான் பல் துலக்கப் போனேன்.