பேச்சியம்மாள் அக்காவின் தரவரிசைப் பலகை

ஆலங்குளத்தில் ஓர் அரையிறுதிக்கு நடுவராக நின்று முடித்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் அக்காவின் மகள் அழைத்தாள். "மாமா, அம்மா போயிட்டாவ. காலையில முழிச்சதும், ஆலங்குளத்துல யாரு யாருக்கு மேட்சுன்னுதான் கேட்டாவ." எனக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அக்காவை அறிந்தவர்களுக்கு அது புரியும்.

காவல்துறை மகளிர் வாலிபால் அணியில் ஆடியவர், தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவர். பதினைந்து ஆண்டுகள் நான் விசிலோடு வலைக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் எதிரே மேசையில் ஸ்கோர் எழுதினார்.

குற்றாலத்தில் சாரல் காலத்துப் போட்டி என்றால், ஆட்டத்துக்கு முன்பே அட்டவணை போடும் கூட்டத்தில் சண்டை தொடங்கிவிடும். முதலிடத்து அணிக்கு முதல் சுற்றில் கடைசி இடத்து அணிதான் எதிரே வரும் என்பதால், என்றோ கோப்பை வாங்கிய அணி இன்றும் முதலிடம் கேட்கும். ஒரு வருடம் நாற்காலி பறந்தது. அக்கா எழுந்தார். "உலகத்துல நாடுகளுக்கு எப்படிப் போடுதாவளோ, அப்படியே நாமளும் போடுவோம்" என்றார்.

விளக்கமும் அவரே சொன்னார். ஒவ்வொரு அணிக்கும் ஒரு புள்ளிக்கணக்கு உண்டு. இரண்டு அணிகள் மோதும்போது, அந்தப் புள்ளிகளின் இடைவெளியை வைத்து யார் எப்படி ஜெயிக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஓர் எதிர்பார்ப்பு வந்துவிடும். ஆட்டம் மூன்றுக்குப் பூஜ்யமா, மூன்றுக்கு இரண்டா என்று அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பலமான அணியை வீழ்த்தினால் நிறையக் கிடைக்கும். நோஞ்சான் அணியை அடித்தால் கொஞ்சம்தான். ஓர் அணிக்கு ஏறுவது மற்ற அணிக்கு அப்படியே இறங்கும். பெரிய போட்டிக்கு எடை அதிகம். ஆட்டத்துக்கு ஆட்டம் பட்டியல் மாறும். மறுநாளே பாவூர்சத்திரத்தில் தன் வீட்டு வாசலில் ஒரு பலகையை மாட்டிவிட்டார்.

அவருடைய தம்பிதான் பாவூர்சத்திரம் அணியின் கேப்டன். கடைசி இடத்து அணியை ஐந்து செட் ஆடி ஜெயித்துவிட்டு மாலையோடு வந்தான். பலகையில் கால் புள்ளிகூட ஏறவில்லை. "அக்கா, ஜெயிச்சிருக்கோம்லா!" என்று கத்தினான். "ஜெயிச்சே, சரி. மூணு செட்டுல முடிக்க வேண்டியவன் அஞ்சு செட்டு திணறுனா, நான் ஒன்னப் பாராட்டவா, அவனப் பாராட்டவாலே?" மாலையைக் கழற்றி எதிரணிக்குப் போட்டுவிட்டு வரச் சொன்னார். தம்பி முணுமுணுத்துக்கொண்டே போனான்; ஆனால் போட்டான்.

சில காலைகளில் போன் வரும். "ஏலே, உலகப் பட்டியல்ல இந்தியா ஒரு இடம் ஏறிட்டு!" "யாரை ஜெயிச்சோம் அக்கா?" "ஒருத்தரையும் இல்ல. நாம சும்மாதான் இருந்தோம். முன்னால நின்னவன் தோத்துட்டான்." சொல்லிவிட்டு அவர் சிரிக்கும் சிரிப்பில் என் காது அடைத்துப்போகும்.

ஆனால் அக்காவை நான் முழுதாக அறிந்தது ஒரு தவறில்தான். ஒரு சாரல் போட்டி முடிந்து ஒரு வாரம் கழித்துப் பழைய ஆட்டங்களைச் சரிபார்த்தவர், போட்டிக்கு முந்தைய ஓர் ஆட்டத்தில் ஜெயித்த அணிக்குக் கூட்டுவதற்குப் பதில் கழித்திருந்ததைக் கண்டார். அதனால், ஆறாம் இடத்தில் இருக்க வேண்டிய அந்தச் செங்கோட்டைப் பக்கத்து அணி எட்டாம் இடத்துக்கு இறங்கி, முதல் சுற்றிலேயே முதலிடத்து அணியிடம் மாட்டி வெளியேறியிருந்தது. யாருக்கும் தெரியாது. "அடுத்த வருஷம் சரிபண்ணிக்கிடலாம் அக்கா" என்றேன். அவர் செருப்பை மாட்டினார். நானும் கூடவே பஸ் ஏறினேன்.

அந்த அணியின் மைதானத்தில் பயிற்சியில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, "தப்பு என்னோடது. ஒங்களுக்கு வரவேண்டிய இடத்த நான் கெடுத்துட்டேன்" என்றார். அவர்களுடைய கேப்டன் திகைத்துப்போனான். "நீங்க சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாதே?"

"எனக்குத் தெரியும்லா."

அவன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். "அடுத்த மாசம் எங்க ஊர்ல போட்டி. நீங்கதான் ஸ்கோர் எழுதணும்."

பலகையை இப்போது அவர் மகள் எழுதுகிறாள். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது வேறு. சென்ற வாரம் தென்காசியில், கோட்டுக்குள் விழுந்த பந்தை வெளியே என்று கொடுத்துவிட்டேன். கூட்டம் கத்தியது. முன்பென்றால் முறைத்துக்கொண்டு நின்றிருப்பேன். கையை உயர்த்தி, "தப்பு என்னோடது" என்று சொல்லிப் புள்ளியை மாற்றிக் கொடுத்தேன். கத்திய கூட்டமே கைதட்டியது.