ரிஸ்லா தயாரிக்காத படிவம்

ரிஸ்லாவுக்கு அந்த இயந்திரத்தை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. இயந்திரம் என்று சொல்வதும் பிழைதான். கையும் காலும் உள்ள எதுவும் கந்தோருக்குள் வரவில்லை. அவளுடைய மேசையில் இருந்த அதே பழைய கணினிக்குள் ஒரு மென்பொருளைப் போட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அதை ஓடவிட்டதும், மவுஸை யாரும் தொடாமலே திரையில் அம்புக்குறி நகரத் தொடங்கியது. மின்னஞ்சலைத் திறந்தது. கப்பல் தலைவர் அனுப்பிய பட்டியலை இறக்கியது. புதிய கோப்பொன்றை உருவாக்கிக் கப்பலின் பெயரை மேலே எழுதியது. மாலுமிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக நிரப்பிச் சேமித்து மூடியது. ரிஸ்லா அரை நாள் செலவழிக்கும் வேலையை நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு அம்புக்குறி ஒரு மூலையில் போய் நின்றது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான் முனீப். மென்பொருளைக் கொண்டுவந்தவன் அவன்தான்.

"கண்ணுக்குத் தெரியாத ஆள் ஒண்டு என்ட கதிரையில குந்தின மாதிரி இருக்கு" என்றாள் ரிஸ்லா.

அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தான்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு முகவராக இருக்கும் ஒரு சிறிய நிறுவனம் அது. கோதுமையும் சீமெந்துக் கட்டியும் ஏற்றிவரும் கப்பல்கள்தான் அதிகம். கப்பல் உள்ளே நுழைய முன்னர் வருகை அறிவித்தல், மாலுமிகள் பட்டியல், சுகாதாரப் படிவம் என்று ஒரு கட்டுத் தாள்களைத் தயாரித்து உரிய இடங்களுக்கு அனுப்ப வேண்டும். பதினேழு வருடங்களாக அதைச் செய்தவள் ரிஸ்லா. கிண்ணியாவிலிருந்து காலை பஸ்ஸில் பாலத்தைத் தாண்டி வந்து, எட்டரைக்கு விரலடையாளம் வைத்துவிட்டு உட்காருவாள். அவளைக் கண்டிராத கப்பல் தலைவர்கள் 'அன்புள்ள திரு. ரிஸ்லா' என்று எழுதுவார்கள். அவள் திருத்தியதில்லை. தன் தாளில் பிழை என்று ஒரு கப்பலும் வெளியே காத்துக் கிடந்ததில்லை என்பதைக் கிண்ணியாவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லுவாள்.

முனீப் மூதூர்க்காரன். கொழும்பில் படித்து அங்கேயே ஒரு கணினி நிறுவனத்தில் இருந்தான். முப்பது வயது இருக்கும். மென்பொருளைப் போடுமுன், முதன்முதலாகக் கந்தோருக்கு வந்த அன்றே, சொந்த அக்காவை அழைப்பதுபோல, அவளைத் 'தாத்தா' என்றான்.

"ஒபிசில மிஸ் எண்டு கூப்பிடுங்க" என்றாள் ரிஸ்லா. "எனக்கு மூண்டு தம்பிமார் இருக்காங்க. நாலாவது ஆள் தேவையில்ல."

அதன் பிறகு மூன்று வாரங்கள் அவன் அவளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தான். அவள் செய்வதை எல்லாம் கணினி பதிவு செய்தது. அவர்கள் கதைப்பதும் ஒரு சிறிய ஒலிவாங்கியில் பதிவானது. அவள் ஒரு கோப்பைத் திறந்தால் ஏன் திறந்தாள் என்று கேட்டான். மூடினால் ஏன் மூடினாள் என்று கேட்டான்.

"இப்ப எதுக்கு அந்த மெயிலைத் திருப்பிப் பாத்தீங்க, மிஸ்?"

"கண் அங்க போச்சு, பாத்தன்."

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று அவள் முடிவெடுத்திருந்தாள். தன்னைத் தூக்கி எறிவதற்குத் தானே குழி வெட்டிக் கொடுப்பதுபோல இருந்தது. இரவுச் சாப்பாட்டில் கணவன் நௌபரிடம், "பதினேழு வருசத்த உறிஞ்சி எடுக்கிறான்" என்றாள். நௌபர் மீன்பிடிப் படகுகளின் இயந்திரம் திருத்துபவன். "உனக்கு வேலை லேசாகும் எண்டுதானே சொல்றாங்க" என்றான். அவனோடும் அன்று அவள் மேற்கொண்டு கதைக்கவில்லை.

கடைசி நாள் முனீப் தன் குறிப்புக் கொப்பியை மூடிவிட்டு, "வேற ஏதும் இருக்கா, மிஸ்? இதில வராதது, நீங்க மட்டும் செய்றது?" என்று கேட்டான்.

இருந்தது. சில வேளைகளில் கப்பல் தலைவர் முதலில் ஒரு படிவம் அனுப்புவார். பிறகு ஏதாவது மாறினால் அதே பெயரில் இன்னொன்றை அனுப்புவார். இரண்டாவதுதான் செல்லுபடியாகும். அதனால் ரிஸ்லா தாள்களை அனுப்புமுன் எப்போதும் மின்னஞ்சல் பெட்டியை இன்னொரு தரம் பார்ப்பாள். அந்த மூன்று வாரத்தில் அப்படி ஒரு இரண்டாவது மின்னஞ்சல் வரவில்லை. வராததால் முனீப்புக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரியாது என்பது ரிஸ்லாவுக்குத் தெரியும்.

"இல்ல" என்றாள்.

சொல்லும்போது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. அந்த மென்பொருள் எங்கேயாவது ஒரு சின்ன இடத்தில் தடுக்கி விழட்டும், அப்போது என்னைத் தேடி வருவார்கள் என்று நினைத்தாள்.

கந்தோரில் எல்லாரும் அந்த மென்பொருளை, ரொபொட் என்பதைச் சுருக்கிப் 'பொட்' என்று அழைத்தார்கள். அதற்குத் தனியாக ஒரு பயனர் பெயர் எடுக்கக் கொழும்பில் அனுமதி வேண்டும், மாதக்கணக்காகும் என்று கிளை முகாமையாளர் டொமினிக் சொன்னார். பன்னிரண்டு வருடங்களாக அவளுக்கு மேலதிகாரி. கோபப்படவும் மாட்டார், எதற்கும் முன்னுக்கு நிற்கவும் மாட்டார்.

"அதுவரைக்கும் உங்கட பேரில ஓடட்டும், ரிஸ்லா."

"அது செய்றதுக்கு என்ட பேர் ஏன், சேர்?"

"பேர்தானே பிள்ளை. பேரில என்ன இருக்கு?"

அப்படித்தான் பொட் செய்த ஒவ்வொரு படிவத்தின் கீழும் 'தயாரித்தவர்: எம். ரிஸ்லா' என்று வரத் தொடங்கியது. கப்பல்களுக்கு அது அனுப்பும் பதில்களின் கீழும் அதே பெயர்.

ஒக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மகளின் பாடசாலைக் கூட்டத்துக்காக ரிஸ்லா விடுமுறை எடுத்தாள். 'ஓஷன் மேப்பிள்' என்ற கப்பல் அன்று வருவதாக இருந்தது. திங்கட்கிழமையே அதன் சுகாதாரப் படிவம் வந்துவிட்டது: இருபத்தொரு பேர், எல்லாரும் சுகம். செவ்வாய் காலை கப்பல் தலைவர் இரண்டாவது படிவத்தை அனுப்பினார். சோ மின் என்ற பர்மிய மாலுமிக்குக் கடும் வயிற்று வலி, காய்ச்சல், கப்பல் நின்ற உடனேயே வைத்தியர் வேண்டும் என்று அதில் இருந்தது. பொட் மின்னஞ்சலைத் திறந்தது. கோப்பை உருவாக்கப் போனது. அதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருந்தது. இருந்தால் தொடாதே, அடுத்த வேலைக்குப் போ என்றுதான் முனீப் அதற்குச் சொல்லியிருந்தான். அது அடுத்த வேலைக்குப் போனது. 'நோயாளர்: இல்லை' என்ற பழைய படிவத்தை உரிய இடங்களுக்கு அனுப்பியது. பிறகு கப்பல் தலைவருக்கு, 'உங்கள் படிவம் கிடைத்தது. எல்லா ஏற்பாடுகளும் செய்யப்பட்டுவிட்டன. ரிஸ்லா' என்று பதிலும் போட்டது.

அந்தப் பதிலை நம்பிக் கப்பல் தலைவர் வைத்தியரை எதிர்பார்த்திருந்தார். திரும்ப எழுதினார். திரும்பவும் அதே பதில் போனது. புதன் விடிந்த பிறகுதான் அவர் வானொலியில் துறைமுகத்தைக் கூப்பிட்டுக் கத்தினார். சோ மின்னைப் படகில் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இருபத்திரண்டு மணித்தியாலம் வீணாகி, குடல்வால் வெடித்திருந்தது.

ரிஸ்லா வந்து விரலடையாளம் வைக்கும்போதே டொமினிக் வாசலில் நின்றார். கையில் ஒரு கடிதம். 'எனது கவனக்குறைவினால்' என்று அது தொடங்கியது.

"இதில ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கோ. மேலிடத்துக்கு ஒரு விளக்கம் குடுக்கோணும். உங்களுக்குப் பெரிசா ஒண்டும் வராது."

"நேத்து நான் லீவு, சேர்."

"தெரியும் பிள்ளை. ஆனா படிவத்தில உங்கட பேர்தானே கிடக்கு."

"பேரில என்ன இருக்கு எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

கடிதத்தை அவருடைய கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

மத்தியானம் நோயாளர் பார்க்கும் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். யாரும் அனுப்பவில்லை. சத்திர சிகிச்சை வார்ட்டில் மூலைக் கட்டிலில் அந்த மனிதன் கிடந்தான். நாற்பது வயது இருக்கும். மூக்கில் குழாய், உதடு வெடித்திருந்தது. அவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கப்பல் முகவர் கந்தோரிலிருந்து வருகிறேன், பெயர் ரிஸ்லா என்றாள்.

பெயரைக் கேட்டதும் அவன் கண்ணைத் திறந்தான். தலையணைக்குக் கீழிருந்து கைத்தொலைபேசியை எடுத்து, ஒரு படத்தைத் தேடிக் காட்டினான். கப்பல் தலைவர் அவனுக்குத் தைரியம் சொல்ல அனுப்பியது. 'எல்லா ஏற்பாடுகளும் செய்யப்பட்டுவிட்டன. ரிஸ்லா.'

அவள் எதையோ சொல்ல வாய் எடுத்தாள். அவன் தொலைபேசியை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, நோவோடு மெல்ல மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அந்த முதுகைப் பார்த்தபடி மணி அடிக்கும்வரை நின்றாள். வெளியே வரும்போது முனீப்பின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. தன் கழுத்தையும்.

மறுநாள் முனீப் கொழும்பிலிருந்து வந்தான். டொமினிக்கின் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். ரிஸ்லா இரண்டு தாள்களை மேசையில் போட்டாள். ஒன்று, செவ்வாய் காலை ஒன்பது பன்னிரண்டுக்கும் ஒன்பது பதினாறுக்கும் இடையில் அவளுடைய பெயரில் பதினான்கு கோப்புகள் உருவானதைக் காட்டும் பட்டியல். மற்றது, அன்று அவள் விரலடையாளம் வைக்கவே இல்லை என்ற பதிவு.

"நாலு நிமிசத்தில பதினாலு ஃபைல் செய்ற கை எனக்கு இல்ல. இவர்ட சாமான் செஞ்சது. இவர் கையெழுத்து வைக்கட்டும்."

முனீப்பின் முகம் கறுத்தது. தன் மடிக்கணினியைத் திறந்து ஒரு பதிவை ஓடவிட்டான். அவனுடைய குரல்: 'வேற ஏதும் இருக்கா, மிஸ்? இதில வராதது, நீங்க மட்டும் செய்றது?' கொஞ்சம் இடைவெளி. பிறகு அவளுடைய குரல்: 'இல்ல.'

"பழைய மெயில்கள் எல்லாத்தையும் நேத்துப் பாத்தன்" என்றான் முனீப். "ரெண்டாவது படிவம் போன வருசம் மட்டும் ஒன்பது தரம் வந்திருக்கு. ஒன்பதையும் நீங்க பிடிச்சிருக்கீங்க. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டே சொல்லல்ல."

டொமினிக் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஓம்" என்றாள் ரிஸ்லா. "சொல்லல்ல. அது என்ட குரல்தான்."

அதை அவன் எதிர்பார்க்கவில்லை. அவள் மறுப்பாள், அழுவாள் என்றுதான் ஆயத்தமாக வந்திருந்தான்.

"சொல்லாதது என்ட பிழை. அந்தப் படிவம் என்ட இல்ல. ரெண்டையும் ஒண்டாக் கட்டி என்ட தலையில வைக்க விடமாட்டன். போன வருசத்து மெயில நேத்துப் பாத்த நீங்க, பொட்ட ஓடவிட முந்திப் பாத்திருக்கலாமே?"

அவன் மடிக்கணினியை மூடினான்.

அன்று மாலை அவள் கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு நேராக எழுதினாள். இரண்டாவது படிவத்தைப் பற்றித் தெரிந்தும் வேண்டுமென்றே சொல்லவில்லை என்று முதல் பந்தி. 'நோயாளர்: இல்லை' என்று தான் ஒருபோதும் எழுதவில்லை, தன் பெயரைப் பொட்டுக்குக் கொடுக்கத் தான் சம்மதிக்கவும் இல்லை என்று இரண்டாம் பந்தி. நௌபர் வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"முதலாவதை ஏன் எழுதின? உன்ட வேலைக்கு நீயே உலை வைக்கிறியா?"

"அதைக் கையில வெச்சுக்கொண்டு முனீப் என்னை ஆட்ட நான் விடமாட்டன்" என்றாள். அது உண்மையில் பாதிதான். மற்றப் பாதி சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்த ஒரு முதுகு. அதை அவளால் நௌபரிடம் சொல்ல முடியவில்லை.

கொழும்பிலிருந்து பதில் வர ஆறு வாரம் ஆனது. ரிஸ்லாவுக்கு எச்சரிக்கைக் கடிதம். முனீப்பின் நிறுவனம் முழு வேலையையும் திரும்பச் செய்துதர வேண்டும். டொமினிக்குக்கு ஒன்றுமில்லை. மாதக்கணக்காகும் என்று சொல்லப்பட்ட பயனர் பெயர் இரண்டே நாளில் வந்தது. இனிப் படிவங்களில் 'தயாரித்தது: தானியங்கி 01' என்றிருக்கும். அதற்குக் கீழே ஒரு புதிய வரி: 'சரிபார்த்தவர்: எம். ரிஸ்லா.' அவள் வாசித்துக் கையெழுத்து வைக்காமல் எதுவும் வெளியே போகாது.

பதில் வருவதற்கு முன்பே, மூன்றாவது வாரத்தில், சோ மின் ஊருக்குப் போக எழும்பினான். அவனுடைய வெளியேறும் தாள்களைப் பொட் செய்ய ரிஸ்லா விடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தானே தட்டி, மூன்று தரம் ஒப்பிட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மெலிந்திருந்தான். கையெழுத்து வைக்கமுன் அவளைப் பார்த்து, "அந்தப் பதிலை யார் எழுதினது?" என்று கேட்டான்.

"கணினி" என்றாள். பிறகு, "ஆனா நான் நினைச்சிருந்தா தடுத்திருப்பன். நினைக்கல்ல. என்னை மன்னிச்சிருங்க."

அவன் கையெழுத்து வைத்தான். பேனையை அவள் கையில் கொடுக்காமல் கட்டிலின்மேல் வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டான். விமான நிலையத்துக்குப் போகும் வாகனத்தில் ஏறும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அதைக் குறையாக எடுக்கவில்லை. எடுக்கத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்தாள்.

கந்தோருக்குத் திரும்பியவள் ஒரு வாரம் உட்கார்ந்து, முனீப் கேட்காததை எல்லாம் எழுதினாள். அறுபத்து மூன்று விடயங்கள் வந்தன. எந்தக் கப்பல் தலைவர் திகதியை மாற்றி எழுதுவார், எந்த நாட்டுப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னுக்கு வரும் என்பதுவரை இருந்தது. முனீப்பிடம் கொடுக்கவில்லை. டொமினிக்கிடம் கொடுத்து, கிடைத்தது என்று கையெழுத்தும் வாங்கினாள்.

முனீப் இப்போது மாதத்தில் ஒரு வாரம் வருகிறான். எதிர் மேசை. பொட் செய்யும் ஒவ்வொரு தாளையும் ரிஸ்லா கடன்காரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். பிழை கண்டால் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு அவனுடைய மேசையில் வைப்பாள். அவன் திருத்திவிட்டு அதே தாளைத் திருப்பி வைப்பான். போன மாதம் பதினொரு கப்பல்கள், ஒன்பது வட்டங்கள். ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

"ரெண்டு பேரும் வாயைத் திறந்து கதைச்சா என்ன குறைஞ்சு போகும்?" என்று டொமினிக் ஒரு நாள் கேட்டார்.

"கப்பல் ஒண்டும் வெளியில நிக்கல்லத்தானே, சேர்" என்றாள் ரிஸ்லா, தலையை நிமிர்த்தாமல். திரையில் அம்புக்குறி தன்பாட்டில் அடுத்த கோப்பைத் திறந்துகொண்டிருந்தது. அவள் மின்னஞ்சல் பெட்டியை இன்னொரு தரம் பார்த்தாள்.