ஊசிக்கு முன்னால் சாப்பாடு

மனைவி இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அவள் வளர்த்த பூனைக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, என்று தெரிந்தது. அது மூத்திரம் போகும் மணல் தட்டைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்காதான் சந்தேகப்பட்டார். நாளெல்லாம் அது தண்ணீர் குடித்ததும், முதுகெலும்பு தெரிய இளைத்துப்போனதும் என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் கொண்டுவந்த சோற்றை எல்லாம் அதற்குத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இறங்கவில்லை.

அலோர் காஜா மிருக கிளினிக்கில் டாக்டர் ஒரு தமிழ்ப் பெண்.

"இனிமே சோறு, பிஸ்கட் எதுவும் வேணாம் அங்கிள். மீனு, கோழி மட்டும். காலையில ஒரு இன்சுலின் ஊசி, சாயந்திரம் ஒரு ஊசி. மொதல்ல சாப்புட்டுச்சான்னு பாத்துட்டுத்தான் போடணும்."

கழுத்துக்குப் பின்னால் தோலைத் தூக்கிப் பிடித்துக் குத்தச் சொல்லிக்கொடுத்தார். நானே ஒன்று போட்டேன். "நல்லா போடுறீங்க அங்கிள்," என்றார்.

சிம்பாங் அம்பாட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். விடியுமுன் எழுந்து கெம்போங் மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்துக் கிண்ணத்தில் வைப்பேன். ஊசி போடுவேன். வேனை எடுப்பேன். இரண்டு மாதம் இப்படிப் போனது. வருத்தமாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மீன் வெந்ததா என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்தபோது பூனை சமையலறைத் தரையில் கிடந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கிண்ணத்தில் மீன் வைத்தது வைத்தபடி இருந்தது.

கிளினிக்குக்குப் போன் செய்தேன்.

"சர்க்கரை எறங்கியிருக்கும். தேன் இருக்கா அங்கிள்? ஈறுல தடவிட்டு ஒடனே தூக்கிட்டு வாங்க."

வீட்டில் தேன் இல்லை. அக்காவிடம் வாங்கி விரலால் தடவினேன். அவரே பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார். சிக்னலில் நின்றபோது என்னைப் பார்த்தார்.

"தம்பி, காலையில சாப்டீங்களா?"

யோசித்தேன். "தெரியலக்கா."

"நேத்து ராத்திரி?"

அதுவும் நினைவில் இல்லை. அவர் பூனையின் தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

"ஊசிக்கு முன்னால சாப்புட்டுச்சா அங்கிள்?" என்றார் டாக்டர்.

"பாக்கல."

பொய் சொல்லத் தோன்றவில்லை. அவரும் திட்டவில்லை. குளுக்கோஸ் ஏற்ற உள்ளே தூக்கிப் போனார். எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனைவி போன அன்றும் இப்படித்தான், ஆஸ்பத்திரியில் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பூனை வீட்டுக்கு வந்தது. அது முதல், அது சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறேன். மெதுவாகத் தின்கிறது. நடுவில் நிறுத்தி என்னைப் பார்க்கிறது. வேலிக்கு மேலே அக்கா சில நாள் ஒரு தட்டு நீட்டுகிறார்.

"அதுகூட ஒக்காந்து நீங்களும் சாப்புடுங்க தம்பி."

சாப்பிடுகிறேன். ருசி பெரிதாகத் தெரிவதில்லை.

போன வாரம் டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்தார். குணமாகிவிடுமா என்று கேட்டேன். நானாக ஒன்றைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"சில பூனைக்கு ஊசியே வேணாம்னு ஆயிடும் அங்கிள். பாப்போம்லா."

பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டதால் பூனையோடு நேராகப் பள்ளிக்குப் போனேன். மணி அடிக்கும்வரை வாசலில் காத்திருந்தேன். பக்கத்து சீட்டில், கூடைக்குள் அது தூங்கியது.