ஸ்டெல்லாக்கா ஊழியத்துக்குப் போகவில்லை

“ஆப்பிரிக்கா ஸ்டெல்லா போயிடுச்சாம்மா” என்று எங்கள் அலுவலகத்துக்கு டீ கொண்டுவரும் நாகப்பன் சொன்னபோது நான் தலை நிமிராமலே கேட்டேன்: “இந்தத் தபா எந்த ஊருக்காம்?” அவர் கிளாஸ்களை மேசைமேல் வைக்காமல் அப்படியே நின்றார். “இன்னாம்மா நீ” என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. காலையில் டோல்கேட் அருகே ஷேர் ஆட்டோவுக்காக நின்றவர்மேல், துறைமுகத்துக்குக் காத்து நின்ற லாரி வரிசையை முந்திப் போக விலகிய ஒரு கண்டெய்னர் லாரி ஏறிவிட்டது.

ஆப்பிரிக்கா போனால் உயிரோடு திரும்பமாட்டாய் என்று அவரிடம் சொன்னவர்கள் நம்மில் பலர். அங்கே அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாமெல்லாம் தினமும் நிற்கிற இடத்தில்தான் ஆனது. அந்த லாரிகளைப் பற்றி யாரும் அவரை எச்சரித்ததாக எனக்கு நினைவில்லை.

அடக்கத்தன்று காலடிப்பேட்டையில் அவர் தெருமுனைக்குப் போனேன். பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். முகம் ஸ்டெல்லாக்காவுடையது. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ. ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு பட்டுப் புடவையும் இரட்டைச் சரடு சங்கிலியும் மாட்டிவிட்டிருந்தார். அந்தப் படத்தின் அசலை நான் பார்த்திருக்கிறேன். மலாவி நாட்டில் ஒரு மினிபஸ்ஸின் கதவைப் பிடித்தபடி, வெளுத்துப்போன சுடிதாரில், பாரிமுனையில் வாங்கிய பெரிய பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நிற்பார். பஸ் போய்விட்டது, பை போய்விட்டது, சுடிதார் போய்விட்டது. சிரிப்பை மட்டும் எடுக்க முடியவில்லை போலிருக்கிறது. கீழே சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது: “ஆப்பிரிக்க தேசங்களில் தேவ ஊழியம் செய்தவர்.”

நான் படித்துவிட்டு நின்றேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எங்கள் வியாசர்பாடி வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். படித்த பிறகும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரோடு வேலை செய்தவர்களுக்கும், அவர் தெருவில் இருப்பவர்களுக்கும், அவர் யார் என்று ஒரு முறையாவது யோசித்தவர்களுக்கும்.

கடற்கரை ஸ்டேஷன் பக்கத்தில் சரக்கு ஏற்றுமதி ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் நாங்கள் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தோம். ஷிப்பிங் பில் அடிப்பது வேலை. டர்பன், மபுத்தோ, பெய்ரா, தார் எஸ் சலாம், எல்லாம் ஆப்பிரிக்கத் துறைமுகங்கள். எனக்கு அவை எழுத்துப்பிழை வரக்கூடாத சொற்கள், அவ்வளவுதான். ஒருநாள் ஸ்டெல்லாக்கா கீபோர்டிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மே, தெனம் பெய்ரா பெய்ராண்ட்டு அடிச்சிக்கினே கீறோம். அந்த ஊரு எப்டி கீதுன்னு ஒருவாட்டி பாத்துட்டு வந்தா இன்னா?”

அவர் போன காரணம் இதுதான். இதற்கு மேல் ஒன்றுமில்லை. இதை ஏன் யாராலும் தாங்கிக்கொள்ள முடியவில்லை என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.

பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்ததை அவரே நடித்துக் காட்டுவார். “எதுக்கும்மா போறீங்க?” “சுத்திப் பாக்க சார்.” “யாரோட?” “பஸ்ஸோட சார்.” போலீஸ்காரர் சிறிது நேரம் அவரைப் பார்த்துவிட்டு, உறவினரைக் காண என்று தானாகவே எழுதிக்கொண்டாராம். “எனக்கு ஆப்பிரிக்கால ஒறவு குடுத்துட்டுப் பூட்டாரு மே” என்று சிரிப்பார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு இப்போது நினைத்தால் எரிகிறது. அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட முதல் பொய் அது. அவர் சொன்னதல்ல, அவர் உண்மையைச் சொன்ன பிறகு, அது போதாது என்று பிறர் எழுதிக்கொண்டது.

ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி, அங்கிருந்து மினிபஸ், லாரி, ரயில் என்று கிடைத்ததில் ஏறி வடக்கே தார் எஸ் சலாம் வரை போனார். முதல் மினிபஸ்ஸில் டிரைவர் பக்கத்து இடம் கிடைத்ததாம். நல்ல இடம் என்று உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு பெண் தோளைத் தட்டி, சில்லறையை நீட்டி, “மாமா” என்றாள். ஸ்டெல்லாக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பக்கத்தில் ஆம்பிளையையே அந்த வார்த்தை சொன்னால் சில சமயம், மாமா வேலை பார்க்கிறவன் என்கிறான் என்று, சட்டையைப் பிடித்துவிடுவார்கள். “இன்னாடா இது, பொம்பளயப் பாத்து மாமான்றா, கைல துட்டு வேற குடுக்கிறாண்ட்டு எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது.” அங்கே அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் அது என்பதும், முன்சீட்டில் உட்காருகிறவர்தான் எல்லாருடைய கட்டணத்தையும் வாங்கி மீதி கொடுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது. கணக்குத் தப்பி வண்டியே சிரித்ததாம். திரும்பி வந்த பிறகு கொஞ்ச காலம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் “மாமா” என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். மேனேஜர் எங்களை அழைத்துக் கண்டித்தார்.

பெய்ராவில் துறைமுகத்துக்குள் விடவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். கேட்டை ஒட்டிய கட்டடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் டைப் அடித்துக்கொண்டிருந்தாளாம். “நம்ம ஊரு பேரத்தான் அடிச்சிருக்கும்ல மே?” என்று என்னிடம் கேட்டார்.

வண்டி நிரம்பாமல் எடுக்க மாட்டார்கள், நம் ஷேர் ஆட்டோ மாதிரியே. சில ஊர்களில் அரை நாள் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்துப் பெண்கள் குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார்கள். “வண்டி ரொம்பற வரிக்கும் நீ அந்த ஊர்க்காரிதான் மே” என்பார். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

ஆனால் திரும்பி வந்தவரிடம் நம் அலுவலகத்தில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. “சிங்கம் பாத்தியா?” “பஸ் ஸ்டாண்டுல சிங்கம் எங்க சார் கீது?” என்றார் அவர். அதோடு எல்லோருக்கும் ஆர்வம் போய்விட்டது. பிறகு அவர் ஆப்பிரிக்காவுக்கே போகவில்லை, துபாயில் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்து கதை விடுகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதைச் சொன்னவர்கள் அவர் பெய்ராவில் வாங்கிவந்த முந்திரியைத் தின்றுகொண்டே சொன்னார்கள்.

அந்த பேனர் வரியைக் கல்லறைக் கல்லிலும் செதுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர் அண்ணன் டேவிட்டைப் பார்க்கப் போனேன். பேனர் கிழிந்துவிடும். கல் கிழியாது. “அக்கா ஊழியத்துக்குப் போகலையே அண்ணா” என்றேன். அதற்கே எனக்கு வியர்த்துவிட்டது.

“தெரியும்மா” என்றார். “எம்பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு கீறோம். கேக்கறவனுக்கு இன்னான்னு சொல்றது? பொண்ணோட அத்த ஊரு சுத்துனவளுன்னா?”

அவர் கெட்டவர் அல்லர். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது. அவர் வீட்டுச் சுவரில், கப்பலில் வேலை பார்க்கும் மைத்துனர் ஏதோ ஒரு நாட்டுக் கடற்கரையில் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கும் படம் மாட்டியிருந்தது. அவரை உலகம் சுற்றியவர் என்கிறார்கள். அதே காரியத்தை ஒரு பெண் செய்தால் அந்தச் சொல்லே வசையாகிவிடுகிறது. வசையை மறைக்க ஒரு பைபிளைக் கொண்டுவந்து அவர் கையில் திணிக்க வேண்டியிருக்கிறது. ஊழியம் செய்கிறவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. செய்யாதவரைச் செய்தவர் என்பது அவர்களுக்கும் மரியாதை இல்லை.

முப்பதாம் நாள் ஜெபம் தெருவில் ஷாமியானா போட்டு நடந்தது. போதகர் அந்த வரியை வாசித்து, கல்லில் இது பொறிக்கப்படும் என்றார். பிறகு, யாராவது இரண்டு வார்த்தை சொல்லலாம் என்றார். நான் எழுந்ததை என் கால்தான் தீர்மானித்தது.

“அக்கா ஊழியத்துக்குப் போவல” என்றேன். எழுதி வைத்திருந்த நல்ல தமிழ் ஒன்றும் வாயில் வரவில்லை. “சுத்திப் பாக்கப் போனாங்க. பஸ்ல போனாங்க. டைப் அடிச்ச ஊரப் பாக்கணும்னு ஆச. அவ்ளோதான். அதுல இன்னா தப்பு கீது?”

டேவிட் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் தொண்டையைச் செருமினார். அப்போது பக்கத்து வீட்டு மீன்காரம்மா அஞ்சலை பின்வரிசையிலிருந்து கேட்டார்: “ஏ பொண்ணு, அங்க இன்னா மீனு?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மலாவியில் கடல் இல்லை, கடல் மாதிரி ஓர் ஏரி இருக்கிறது. அதன் கரையில் நெத்திலி போலப் பொடிமீனைப் பரப்பிக் காயவைக்கிறார்கள்.

“ஏரில நெத்திலியா? யார்கிட்ட வுட்ற? நெத்திலி கடல் மீனு.”

“நெத்திலி மாரி ஆயா, நெத்திலி இல்ல.”

“மாரின்னா? தல எப்டி கீது? வாசன எப்டி?”

“ஏரி மீனு காஞ்சா அப்டி வாசன வராது” என்று இன்னொருவர் எழுந்தார். “உனுக்கு இன்னா தெரியும், நீ கோழி விக்கிறவன்” என்றார் அஞ்சலை. ஊழியம் என்று எழுதியபோது ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏரியில் நெத்திலி என்றபோதுதான் தெருவே சண்டைக்கு வந்தது.

பந்தலைப் பிரிக்கும்போது டேவிட் அண்ணன் என்னிடம் வந்தார். “ராத்திரில எங்கம்மா படுத்துச்சு?” என்றார். பஸ் நிலையத்து விடுதிகளில் என்றேன். எல்லையில் வண்டி நின்றுவிட்டால், பெண்களெல்லாம் சேர்ந்து குழந்தைகளை நடுவில் போட்டுச் சுற்றிப் படுத்துக்கொள்வார்களாம், அக்காவையும் அந்த வட்டத்துக்குள் இழுத்துக்கொள்வார்களாம் என்றேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “இந்தக் கேள்விய இத்தினி நாளு நெஞ்சுல வெச்சிகினு கீறேன். அவகிட்ட ஒருவாட்டி கூட கேக்கல” என்றார்.

கல்லில் இப்போது பெயர் மட்டும் இருக்கிறது. பொய் இல்லை. உண்மையும் இல்லை. எனக்கு ஆறவில்லை. பல ஆண்டுகள் அவர் நம்மோடு அதே தெருவில், அதே மேசையில் இருந்தார்; சொல்லத் தயாராக இருந்தார். மீனைப் பற்றியும் படுக்கையைப் பற்றியும் இவ்வளவு கேள்விகளை வைத்துக்கொண்டு, நாம் அவரிடம் சிங்கத்தைக் கேட்டோம்.

இப்போது அந்தத் தெருப்பக்கம் போனால் அஞ்சலை என்னை விடுவதில்லை. போன வாரம், அந்த மீனை வறுப்பார்களா, குழம்பு வைப்பார்களா என்று கேட்டார். தக்காளி போட்டு வதக்கிச் சோளக்களியோடு தின்பார்கள் என்றேன். “நம்ம ஸ்டெல்லா தின்னுச்சா?” “தின்னாங்க ஆயா. ரெண்டாவது வாட்டியும் கேட்டு வாங்கித் தின்னாங்க.”

அவர் என்னிடம் சொன்னதெல்லாம் என்னிடம் இருக்கிறது. அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். பாதிக் கேள்விகளுக்கு என்னிடம் விடை இல்லை. மீதிப் பாதிக்கு இருக்கிறது. கேளுங்கள்.